வீராயியின் கொண்டையில் ஏலக்காய்

நவம்பர் 5, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மலையே தெரியவில்லை. என் சின்னவன் தம்பியின் துணி ஒன்றும் காயவில்லை, அடுப்படிக் கொடியில் போட்டேன். அத்தை கொடியை மூன்று தடவை நிமிர்ந்து பார்த்தார்கள்.

மத்தியானம் மதராஸிலிருந்து அண்ணன் அனுப்பிய பார்சல். பஸ்சில் நனைந்து ஒரு மூலை ஊறியிருந்தது. உள்ளே ஐந்து புத்தகங்கள். படம் போட்ட வாழ்க்கை வரலாறு, குழந்தைகளுக்கு. பக்கத்துக்கு ஒரு படம், கீழே பெரிய எழுத்தில் மூன்று வரி. பி.ஏ.வில் சரித்திரம் எடுத்துப் படித்தவள் நான். எங்களுக்கு வருஷமும் யுத்தமும்தான் கிடைத்தது, முகம் கிடைக்கவில்லை. அட்டையைத் தடவித் தடவிப் பார்த்தேன். மை வாசனை.

பாப்பாவுக்கு ஏழு வயது. பெயர்கள் வாயில் நுழையவில்லை. அவளாகவே படத்தைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டாள். முல்லைக்கொடிக்குத் தேரை விட்டுவிட்டுப் போன மலைநாட்டு மன்னன் ‘தேர் ராசா’. முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வாள் பிடித்தவள் ‘குதிரை ராணி’. போர்க்களத்தைப் பார்த்து மனம் மாறிய சக்கரவர்த்தி ‘சண்டை வேண்டாம் ராசா’. பிறகு ராத்திரியில் விளக்கோடு காயம்பட்டவர்களைப் பார்க்கப் போகும் ‘விளக்கு அக்கா’, கடலுக்கு உப்பு எடுக்க நடந்த ‘உப்புத் தாத்தா’. நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

சக்கரவர்த்தி புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பிணங்கள், கழுகுகள். பாப்பா கெட்ட கனவு கண்டு அலறுகிறவள். பழுப்புக் காகிதம் வெட்டிச் சோற்றுப் பசை தடவி அந்தப் படத்தின் மேல் ஒட்டினேன். சாயங்காலம் பார்த்தால் அந்தப் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“அம்மா, உள்ள நெறையப் பேரு படுத்திருக்காக.”

மாமா சாப்பிடும்போது குதிரை ராணியை ஒரு கையால் புரட்டினார். “வாள் புடிச்ச பொம்பளைய இதுக்குக் காட்டி என்ன செய்யப் போற?” என்றார். கோபமாக இல்லை. அதுதான் பயம். அவர் கோபப்பட்டால் அரை மணியில் தீரும். இப்படிச் சாதாரணமாகக் கேட்டால் எங்கேயோ எழுதி வைத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

வரும் ஜூனில் பாப்பாவை மதுரையில் என் அம்மா வீட்டில் விட்டுப் படிக்க வைக்க வேண்டும். பாப்பாவின் அப்பா சரி என்றுவிட்டார். அவரைப் பெற்ற மாமா “தை பிறக்கட்டும், பார்ப்போம்” என்கிறார். அதுவரை இந்த வீட்டில் ஒரு தட்டுக்கூடச் சத்தமாக விழக் கூடாது.

நாளை: தம்பிக்கு இருமல் கஷாயம். மண்ணெண்ணெய். அண்ணனுக்குக் கடிதம். பாப்பாவின் சிவப்பு ரிப்பன் ஒன்று காணோம்.

நவம்பர் 6, புதன்

வெயில், பின்பு மூட்டம்.

என் அறையின் கம்பி ஜன்னல் பின்பக்கம் கோடவுன் தாழ்வாரத்தில் திறக்கிறது. மலையிலிருந்து வரும் ஏலக்காயைத் தரம் பிரிக்கிற பெண்கள் நாற்பது பேர் அங்கே முறத்தோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பச்சை தனி, வெடித்தது தனி, சருகு தனி. வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கம் போகும் வழக்கம் இல்லை. கல்யாணமாகி எட்டு வருஷம், ஒரு நாளும் போனதில்லை.

ஜன்னலுக்கு நேர் கீழே, முதுகைச் சுவரில் சாய்த்து, வீராயியின் இடம். ராசிங்காபுரத்திலிருந்து நடந்து வருகிறாள். அவள் கொண்டை ஜன்னல் விளிம்புக்குச் சரியாக இருக்கும். அவள் வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது.

பாப்பாவுக்குத் தேர் ராசா வாசித்தேன். கீழே முறச் சத்தம் மெல்லமெல்ல நின்றது.

“ஏந் தாயி,” என்றாள் வீராயி, திரும்பாமலே. “தேரக் குடுத்துட்டு ராசா வீட்டுக்கு எப்பிடிப் போனாரு?”

“நடந்துதான்.”

“பொண்டாட்டி என்ன சொன்னாளாம்?”

“அது புத்தகத்தில் இல்லை.”

“அதத்தானய்யா மொதல்ல எழுதணும்! எம் புருசன் ஒரு குடையக் குடுத்துட்டு வந்ததுக்கே நான் ரெண்டு நாளு சோறு போடல.”

தாழ்வாரமே சிரித்தது. பக்கத்து முறத்துக் கருப்பாயி, “குடுத்தது யாருக்குன்னும் சொல்லுடி” என்றாள். மறுபடி சிரிப்பு. எனக்கும் அடக்க முடியவில்லை. அத்தை உள்ளேயிருந்து இருமினார்கள்.

பாப்பா கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்: “ஒனக்கு எந்த ராசாவாச்சும் எதாச்சும் குடுத்துருக்காகளா?”

“எனக்கா? இருவது வருசமா ஏலக்காயத் தொடுறேன் அப்பு. கழுவுனாலும் கையி மணக்குது. ஒரு நாளு ஒரு காயத் தட்டிப் போட்டு டீத்தண்ணி குடிச்சதில்ல. எனக்கு எந்த ராசா வந்தான்?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முறம் மறுபடி ஆடத் தொடங்கியது. 

நன்றாக இருந்த நாள். எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 7, வியாழன்

தூக்கம் சரியில்லை. தம்பிக்கு இருமல் குறைவு.

மேலே எஸ்டேட்டிலிருந்து ஜீப்பு டிரைவரிடம் அவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘செக்போஸ்ட்டில் லோடை நிறுத்திவிட்டார்கள், சனிக்கிழமை வருகிறேன், கம்பளி கொடுத்து அனுப்பு.’ மலை வேறு ராஜ்யம், நாங்கள் வேறு ராஜ்யம்; போன வருஷம் எல்லையை மாற்றிப் பிரித்ததிலிருந்து கெடுபிடி அதிகம். செடி அங்கே, கோடவுன் இங்கே. பாப்பா கேட்கிறாள், அப்பா எந்த ராசாவுக்குச் சொந்தம் என்று.

மறுபடி தேர் ராசாவே வேண்டுமாம். ஐந்தாவது தடவை. கொடி கேட்டதா என்று கேட்டாள். கொடிக்கு வாய் ஏது, கேட்காமலே கொடுத்தார், அதனால்தான் அவர் பெரியவர் என்றேன். “கேக்காமலே” என்று தனக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். ஒரு பாடம் சரியாகப் போய் உட்கார்ந்தது என்று எனக்குச் சந்தோஷம்.

கம்பளி அனுப்பியாயிற்று. மண்ணெண்ணெய் இன்னும் இல்லை.

நவம்பர் 8, வெள்ளி

எழுத வேண்டும். வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை முடியும். வெளிக் கதவருகே பெண்கள் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருத்தியும் முந்தியை உதறி, மடியை அவிழ்த்துக் காட்டி, கடைசியில் கொண்டையை அவிழ்த்துத் தலையை ஓர் ஆட்டு ஆட்ட வேண்டும். மேஸ்திரி மாரியம்மா கூந்தலுக்குள் விரல் விட்டுத் துழாவுவாள். மாமா சற்றுத் தள்ளி நாற்காலியில். தினமும் நடக்கிறது. எட்டு வருஷமாக இந்த ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். விளக்கேற்றும் நேரம் ஆயிற்று என்று மட்டும் தெரிந்துகொள்வேன்.

இன்று வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோது பாப்பா என் புடவையை இழுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“இப்பப் பாரும்மா. வீராயிக்கு ஆச்சரியம் வரப் போகுது.”

“என்ன ஆச்சரியம்?”

“தேர் ராசா மாதிரி. கேக்காமலே.”

கதவு வழியே அடுப்படி அலமாரியைப் பார்த்தேன். ஏலக்காய் டப்பா மூடி திறந்து கிடந்தது. வீட்டு உபயோகத்துக்கென்று மாமா போன வருஷக் காயில் பொறுக்கி எடுத்து வைத்த முதல் தரம். பாப்பா ஒரு கை அள்ளி, வாழை நாரில் முடிந்து, குனிந்து வேலை செய்துகொண்டிருந்த வீராயியின் கொண்டைக்குள் கம்பி வழியாகச் செருகியிருக்கிறாள். அவளுக்கே தெரியாமல்.

கத்தியிருக்கலாம். “வீராயி, கொண்டையைத் தொட்டுப் பார்” என்று ஒரே வார்த்தை. வாய் திறந்தது, குரல் வரவில்லை. மருமகள் குரல் கோடவுனில் சத்தமாகக் கேட்டதே இல்லை என்பதால் தொண்டைக்கும் அது பழகிவிட்டதா?

அதற்குள் அவள் முறை. கொண்டையை அவிழ்த்துத் தலையை ஆட்டினாள். முடிச்சு சிமெண்டுத் தரையில் விழுந்து அவிழ்ந்து இரண்டு காய் உருண்டது.

முதலில் சிரித்தவள் அவள்தான். “அடி ஆத்தி, எந் தலையில ஏலச்செடி மொளச்சிருக்குடி!”

எல்லாரும் சிரித்தார்கள். மாமா நாற்காலியிலிருந்து எழுந்ததும் சிரிப்பு நின்றது.

“மொதலாளி, சத்தியமா எனக்குத் தெரியாது. எப்பிடி வந்துச்சுன்னே தெரியல.”

கருப்பாயி சொன்னாள்: “பாப்பா சன்னல் வழியாக் கைய விட்டுச்சு மொதலாளி. நான் கண்ணால கண்டேன்.”

மாமா காயைக் கையில் வைத்துக்கொண்டு உள்கதவைத் திறந்து வந்தார். நாங்கள் அதற்குள் முற்றத்துக்கு வந்திருந்தோம். பாப்பா என் கையைப் பிடித்திருந்தாள். பின்னால் அத்தை.

“பாப்பா, இத நீயா குடுத்த?”

அவள் வாயைத் திறந்தாள். ‘ஆமாம் தாத்தா’ என்று பெருமையாகச் சொல்லப் போகிற வாய். நான் அவள் கையை அழுத்தினேன். பலமாக. அந்த ஒரு நொடியில் எனக்குத் தோன்றியதெல்லாம்: புத்தகம், படிப்பு, ஜூன், மதுரை, எல்லாம் போச்சு.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கெட்டிக்காரி. புரிந்துகொண்டாள்.

“தெரியாது தாத்தா.”

மாமா திரும்பிப் போனார். “நாளையிலருந்து வர வேணாம்” என்றது கேட்டது.

வீராயி அழவில்லை. தலைமுடி தோளில் அவிழ்ந்து கிடக்க, ஜன்னல் பக்கமே நடந்து வந்தாள். நான் அறைக்குள் வந்துவிட்டிருந்தேன்.

“தாயி, நீ சொல்லு. ஒனக்குத் தெரியும்ல?”

ஜன்னல் கதவைச் சாத்தினேன்.

நவம்பர் 9, சனி

மழை. அவர் இரவு வர வேண்டியது, மத்தியானமே வந்துவிட்டார். ஜீப்பு முழுக்கச் சேறு. பாப்பாவுக்கு ஆரஞ்சு. அவள் வாங்கி வைத்துவிட்டு உரிக்கவில்லை.

எல்லாம் சொன்னேன். தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

“நீ எதுக்குக் கையப் புடிச்ச?”

“பயம்.”

“சரி, நடந்தது நடந்துபோச்சு. விடு.”

“மாமாவிடம் சொல்லிவிடட்டுமா? இல்லை நீங்கள் சொல்லுங்கள்.”

“நானா? அப்பாட்டயா?” சிரித்தார். சிரிப்பில் ஒன்றும் இல்லை. “சீசன் முடியட்டும். இப்ப போய் அவர் சொன்னது தப்புன்னு நின்னா என்ன ஆகும்? ஒனக்குப் புள்ளைய மதுரைக்கு அனுப்பணுமா வேணாமா?”

“அனுப்பணும்.”

“அப்ப சும்மா இரு.”

நல்லவர்தான். எனக்கு எதிராக ஒரு நாளும் பேசியதில்லை. எனக்காகவும் பேசியதில்லை. இதை எழுதிய பிறகு பேனாவால் அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

தாழ்வாரத்தில் பேச்சு குறைவு. கருப்பாயி யாரிடமோ: “வீராயிய வடக்குத் தெரு கோடவுன்லயும் வேணாம்னுட்டாகளாம். போடியில ஒருத்தர் வெரட்டுனா மத்தவுக எடுப்பாகளா? தேவாரத்துல அண்ணன் வீடு இருக்கு, அங்க காட்டு வேலைக்குப் போறாளாம்.” இன்னொருத்தி: “ஆனைக்குக் காவலா?” ஒருவரும் சிரிக்கவில்லை. நாங்கள் கேட்க வேண்டும் என்றுதான் ஜன்னலடியில் பேசுகிறார்களோ. ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது. அறை இருட்டு. பகலிலேயே விளக்கு.

பாப்பா புத்தகங்களை அடுக்கி, அட்டைப் படம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருக்கிறாள். வாசிக்கட்டுமா என்றேன். வேண்டாமாம். பிறகு தானாக வந்தாள்.

“அம்மா, தேர் ராசாட்ட யாராச்சும் கேட்டாகளா, நீதான் குடுத்தியான்னு?”

“அப்படி ஒன்றும் கதையில் இல்லையே.”

“இல்லையா? அந்தப் பக்கத்தயும் ஒட்டிட்டியா?”

ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். தம்பிக்கு ஊட்டிவிட்டாள், அவள் தின்னவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

அவர் விடியற்காலை மேலே போய்விட்டார். துவைத்தேன். தலைவலி. ஒன்றும் எழுதுவதற்கு இல்லை, அதாவது எழுதப் பிடிக்கவில்லை.

பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியிடம் பாப்பா சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: “எங்கம்மாவுக்கு எல்லா ராசாவையும் தெரியும். ஆனா பேச மாட்டாக.”

நவம்பர் 11, திங்கள்

மழை விட்டது. மலை ரொம்பப் பக்கத்தில் தெரிந்தது.

தம்பிக்கு ஜன்ம நட்சத்திரம். அத்தை பாயசம் வைக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த ஏலக்காய் டப்பாவை நான் தொடவில்லை. இன்று திறந்தேன்.

மேலாக, வாழை நாரோடு, அந்த முடிச்சு.

முதலில் புரியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரைக்கும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோடவுனில் பிடிபட்ட காய் கோடவுன் சாக்குக்குத்தான் போக வேண்டும். இங்கே கொண்டுவந்து போட்டது யார்? பாப்பாவுக்கு எட்டாத தட்டில் டப்பாவைத் தூக்கி வைத்ததும் யார்?

மாமா காயைப் பார்த்தாலே எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று சொல்வார். அன்று தாழ்வாரத்தில் பிரித்துக்கொண்டிருந்தது இந்த வருஷப் புதுக் காய். அவர் உள்ளங்கையில் இருந்தது போன வருஷத்து வீட்டுக் காய். முற்றத்துக்கு வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். எட்டு வருஷத்தில் நானாக அவரிடம் ஆரம்பித்த முதல் பேச்சு.

“மாமா, அந்தக் காய் டப்பாவில் இருக்கிறது.”

“ஆமா. எங்க இருந்து வந்துச்சோ அங்க போட்டேன்.”

“அப்படியென்றால் வீராயி...”

“வீராயி எடுக்கல.” வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார். “இருவது வருசமா வர்றா. எனக்குத் தெரியாதா? ஆனா நாப்பது பொம்பளைக முன்னால விழுந்துருச்சே. பாப்பா குடுத்துச்சுன்னு அவளை விட்டா, நாளைக்கு ஒவ்வொருத்தி கொண்டையிலயும் பாப்பா குடுத்த காய் இருக்கும். கோடவுன் நடத்த முடியுமா?”

“அவளை வேறு யாரும் எடுக்கமாட்டேன் என்கிறார்களாம்.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“புள்ள ‘ஆமா’ன்னு சொல்லியிருந்தா நான் வேற மாதிரி முடிச்சிருப்பேன். சொல்ல வாயத் தொறந்துச்சு. நீதானம்மா கையப் புடிச்ச?”

பார்த்திருக்கிறார்.

பாயசம் அடிப்பிடித்துவிட்டது. ராத்திரி எல்லாரும் அதையே சாப்பிட்டார்கள்.

‘வேறு மாதிரி முடிச்சிருப்பேன்.’ நிஜமா? இல்லை, பாதிச் சுமையை என் தலையில் ஏற்றிவிடத்தானா? அதைக் கண்டுபிடிக்க முடியாது. என் பாதி என்னுடையதுதான்.

நவம்பர் 12, செவ்வாய்

தெளிவான நாள். காற்று.

காலையில் பாப்பா சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த புத்தகங்களில் ஒன்றை மட்டும் எடுத்தாள். உப்புத் தாத்தா. ஜனங்கள் அவர் பின்னால் வரிசையாக நடந்து போகிற படம். வாசிக்கச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். “இதுல பொம்பளைகளும் இருக்காகளா?” என்று மட்டும் கேட்டாள். இருக்கிறார்கள், இதோ, என்று காட்டினேன்.

பிறகு பள்ளிக்கூடம் போனாள். நான் தம்பிக்கு எண்ணெய் தேய்த்தேன். உளுந்து காயப் போட்டேன். அத்தைக்குக் கால் அமுக்கினேன்.

ஐந்து மணி. ஜன்னல் சாத்தியிருந்ததால் தாழ்வாரம் தெரியாது. ஆனால் சத்தம் தெரியும். முந்தி உதறுகிற சத்தம், மாரியம்மாவின் “ம், போ”, “ம், அடுத்து.” அது திடீரென்று நின்றது. பிறகு மாரியம்மா: “ஆத்தாடி, இது என்ன கூத்து! மொதலாளி, இங்க வந்து பாருங்க.”

ஜன்னலைத் திறந்தேன்.

வரிசையில் கருப்பாயிக்கும் இன்னொருத்திக்கும் நடுவில் பாப்பா. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வெளிக் கதவு வழியாக வந்திருக்கிறாள். பையைக் கீழே வைத்திருந்தாள். பாவாடையை இரண்டு கையாலும் உதறினாள், அவர்கள் உதறுகிற மாதிரியே. பிறகு ஒரு பின்னலின் ரிப்பனை அவிழ்த்தாள். மற்றது முடிச்சு விழுந்திருந்தது, வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. முடிச்சு அவிழவில்லை என்ற எரிச்சல்தான் முகத்தில். 

மாமா நாற்காலியில் இருந்து, “பாப்பா, உள்ள போ” என்றார்.

“மாரியம்மா இன்னும் பாக்கல தாத்தா.”

“ஒன்னய எதுக்குப் பாக்கணும்?”

“நாந்தான குடுத்தேன்.”

எல்லார் தலையும் ஜன்னலுக்குத் திரும்பியது. அங்கே நான், கம்பிக்குப் பின்னால்.

உள்கதவுத் தாழ்ப்பாள் இறுகியிருந்தது. மாமாவைத் தவிர வீட்டில் யாரும் அதைத் திறந்ததில்லை. அத்தை “ஏத்தா, எங்க போற? ஏத்தா!” என்று பின்னாலேயே. திறந்தேன். தாழ்வாரத்தில் கால் வைத்ததும் ஏலக்காய்த் தூசியில் தும்மல் வந்தது. அந்த நேரத்தில் போய்த் தும்மல்.

வரிசையில் பாப்பாவுக்குப் பின்னால் போய் நின்றேன். முந்தியை உதறினேன். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் கவ்விக்கொண்டு முடியை அவிழ்த்தேன்.

மாரியம்மா இரண்டு அடி பின்னால் போனாள். “நான் தொட மாட்டேன் தாயி. என்னய விட்டுருங்க.”

ஊசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை, கீச்சென்று இருந்தது. “அது என் வீட்டு டப்பாக் காய். பாப்பா கொடுத்தது. வீராயிக்குத் தெரியாது. அன்றைக்குப் பாப்பாவை ‘தெரியாது’ என்று சொல்ல வைத்தது நான். ஜன்னலைச் சாத்தியதும் நான்.”

மாமாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவைப் பற்றியும் அதற்கு மேல் இல்லை. அது அவர் பாதி.

மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். யாரையும் பார்க்காமல் வெளிக் கதவு வழியாகப் போய்விட்டார். வரிசையில் மீதி இருந்தவர்கள் கொண்டையை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். கருப்பாயிதான் வாயைத் திறந்தாள்: “இந்நேரம் வீராயி இருந்தா நாலு நாளைக்கு ஆகுற மாதிரிப் பேசியிருப்பா.”

யாரோ சிரித்தார்கள். பாப்பாவின் முடிச்சைக் கருப்பாயி அவிழ்த்துவிட்டாள்.

உள்ளே வந்ததும் அத்தை தம்பியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தம்பிக்கு அவர்களே சோறு ஊட்டினார்கள். ராத்திரி மாமா வர நேரமாயிற்று. சாப்பிடவில்லை.

நவம்பர் 13, புதன்

காலையில் மாமா கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, “ராசிங்காபுரம் போய் வீராயிய வரச் சொல்லு. வெரசாப் போயிட்டு வா. தேவாரத்துக்குக் கெளம்பிட்டாளோ என்னமோ” என்றார். என் பக்கம் திரும்பாமல், தூணைப் பார்த்து, “பள்ளிக்கூடம் இந்த ஊர்லயும் இருக்கு. மதுரைப் பேச்சு இனி இந்த வீட்டுல வேணாம்” என்றார்.

இரண்டும் ஒரே மூச்சில்.

பாப்பாவின் அப்பாவுக்கு என்ன எழுதுவது? சனிக்கிழமை வரட்டும். நேரில் சொல்லலாம். ‘சும்மா இரு’ என்றார், இருக்கவில்லை. ஜூன் போய்விட்டது. எழுதிப் பார்க்கும்போதுதான் வலிக்கிறது. பாப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜன்னல் திறந்திருக்கிறது. கீழே வீராயியின் இடத்தில் யாரும் உட்காரவில்லை. முறம் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. பத்து மணி, பதினொன்று.

மாமா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கணக்கப்பிள்ளை தனியாகத் திரும்பி வந்தார். வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தார்.

“ஆளு இருக்கா?”

“இருக்கா மொதலாளி. மூட்டை கட்டி வச்சிருந்தா.”

“வர்றாளா?”

“வர்றாளாம். நாளைக்கே வர்றாளாம். ஆனா...”

“என்ன ஆனா?”

“சொன்னத அப்பிடியே சொல்றேன் மொதலாளி, கோவிச்சுக்கிறாதீக. ‘சோலிக்கு வர்றேன். முந்திய ஒதறுறேன், மடிய ஒதறுறேன். கொண்டைய மட்டும் இனி அவுக்க மாட்டேன். இதுக்குச் சரின்னு மொதலாளி வாயால சொன்னா வர்றேன்’ங்கிறா.”

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அத்தை கதவோரம். நான் மோர்ச் செம்போடு. கணக்கப்பிள்ளை எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மோர் ஊத்து” என்றார் மாமா என்னிடம். ஊற்றினேன். குடித்து முடித்து, கை கழுவி, எழுந்து போய்விட்டார். கணக்கப்பிள்ளை இன்னும் வாசலில் நிற்கிறார். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த பாப்பா பின்கட்டில் ஒரு கிண்ணத் தண்ணீரும் துணியும் வைத்துக்கொண்டு, சண்டை வேண்டாம் ராசா புத்தகத்தில் நான் ஒட்டிய காகிதத்தை நனைத்து உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டேன். காகிதம் வந்துவிட்டது. சோற்றுப் பசை நன்றாகப் பிடித்திருந்ததால் படத்திலும் பாதி அதோடு வந்துவிட்டது.